தொட்டிக் கீரை: எதை மாற்றி நடலாம், எதைத் தொடக்கூடாது? – கேள்வி பதில்

தொட்டி மாற்றுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பதில்களுக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிறுகீரை, அரைக்கீரை, பாலக், வெந்தயம், கொத்தமல்லி எல்லாம் விதைத்துச் சில மாதங்களில் முடிந்துவிடுகிறவை. புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை, தவசிக்கீரை, கறிவேப்பிலை எல்லாம் வருடக்கணக்கில் நிற்பவை. முதல் வகையில் செடியை மாற்றாதீர்கள், மண்ணை மாற்றுங்கள். இரண்டாவது வகைக்குத் தொட்டியை மாற்றித்தான் ஆகவேண்டும். வருகிற கேள்விகளில் பாதிக்கு இதுவே பதில்.

அக்கா, என் புதினா முதலில் புதர் மாதிரி வந்தது. இப்போது நடுவில் மொட்டையாகிவிட்டது, ஓரத்தில் மட்டும் துளிர்க்கிறது. இலையும் சின்னதாகிவிட்டது. உரம் போட்டும் பயனில்லை. – தஞ்சாவூர் வாசகி

உரம் போதாமல் வந்த குறை இல்லைம்மா, இடம் போதாமல் வந்தது. புதினா மண்ணை ஒட்டித் தண்டு ஓட விட்டுப் பரவும். தொட்டியின் சுவரை முட்டியதும் அங்கேயே வளையம் வளையமாகச் சுற்றும். நடுவில் இருப்பது கட்டை தட்டிப்போன பழைய தண்டு. அதில் இனி துளிர் வராது.

மாலையில் செய்யுங்கள். அன்று காலையே நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டால் வேர்க்கட்டி (வேரும் மண்ணும் சேர்ந்த கட்டி) உடையாமல் வரும். தொட்டியைச் சாய்த்துப் பக்கங்களைத் தட்டி மொத்தமாக வெளியே எடுங்கள். நடுப்பகுதியை வெட்டி மட்கு தொட்டியில் போட்டுவிடுங்கள். ஓரத்தில் வெள்ளையாக, தடித்து ஓடும் தண்டுகளை மூன்று கணு இருக்கிற மாதிரி நறுக்கி, கணு மண்ணில் படும்படி படுக்க வைத்து மேலே ஒரு விரல் கனத்துக்கு மண் மூடுங்கள். புதினாவுக்கு ஆழம் வேண்டாம், அகலம்தான் வேண்டும். அரையடி ஆழமுள்ள பழைய பிளாஸ்டிக் டப், மீன் வாங்கிவரும் தெர்மோகோல் பெட்டி எல்லாம் ஏற்றவை, அடியில் துளை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் இலைகளை முதலிலேயே கத்தரித்துச் சட்னிக்கு எடுத்துவிடுங்கள். வேர் குறைந்த செடியால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது.

கொத்தமல்லி நெருக்கமாக முளைத்துவிட்டது. பாதியைப் பிடுங்கி வேறு தொட்டியில் நடலாமா? – ஓசூர்

வேண்டாம். கொத்தமல்லிக்கு நேராக இறங்கும் ஆணிவேர். அது அறுந்தால் ஒன்று வாடும், இல்லையென்றால் இலை விடுவதை நிறுத்திவிட்டுச் சீக்கிரமே பூத்துவிடும். நெருக்கமானதைப் பிடுங்கி ரசத்தில் போடுங்கள். மீதி தானாகத் தழையும். வெந்தயத்துக்கும் இதேதான்.

தண்டுக்கீரையும் அப்படித்தானா?

இல்லை, அது தாங்கும். நான்கைந்து இலை விட்ட நாற்றை எடுத்து, செடிக்குச் செடி முக்கால் அடி விட்டு நட்டால் தண்டு நன்றாகத் திரளும். முழங்கால் உயரம் வந்தபிறகு மாற்ற நினைக்காதீர்கள்.

வெந்தயக்கீரை முடிந்து வேரைப் பிடுங்கினேன். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு. வேரைத் தாக்கும் நூற்புழு என்று பயந்து மண்ணையெல்லாம் கொட்டிவிட்டேன். சரியா சார்? – திருநெல்வேலி

கொட்டியிருக்க வேண்டியதில்லை. நல்ல மண்ணே போய்விட்டதே என்று எனக்கே வருத்தமாக இருக்கிறது. இதை எல்லோரும் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். வெந்தயம் பயறு வகைக் குடும்பம். அதன் வேரில் ரைசோபியம் என்ற பாக்டீரியா தங்கி, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுக்கும். அது தங்கும் இடம்தான் அந்த முடிச்சு. அகத்தி வேரிலும் இப்படி இருக்கும்.

நகத்தால் கிள்ளிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்து சுலபமாக உதிர்ந்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நன்மை செய்கிற முடிச்சு. வேரே ஆங்காங்கே வீங்கி, உதிர்க்க முடியாமல் மணி கோத்தது மாதிரி இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. கீரைத்தண்டு, பாலக், தக்காளி வேரில் எந்த முடிச்சு தெரிந்தாலும் சந்தேகப்படலாம், ஏனென்றால் அவற்றில் நல்ல முடிச்சு வராது.

நூற்புழுவேயானாலும் மண்ணைக் கொட்ட அவசியமில்லை. சித்திரை வெயிலில் மண்ணை ஈரமாக்கி, மொட்டைமாடியில் அரையடி கனத்துக்குப் பரப்பி, தெளிவான பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் வையுங்கள். அந்தச் சூட்டில் பெரும்பாலும் அழிந்துவிடும். மிஞ்சிய புழுவும் குறைய, அடுத்த முறை துலுக்கச் சாமந்தி நட்டுப் பிறகு கீரைக்கு வாருங்கள்.

நர்சரியில் வாங்கிய கறிவேப்பிலை ஒரு வருடமாகச் சின்னப் பையிலேயே நிற்கிறது. நேராகப் பெரிய டிரம்முக்கு மாற்றிவிடலாமா அண்ணா? – சென்னை, ஆவடி

ஆசை புரிகிறது தம்பி, ஆனால் படிப்படியாகப் போங்கள். சின்ன வேரைச் சுற்றி நிறைய மண் இருந்தால், வேர் உறிஞ்சாத ஈரம் அப்படியே தேங்கி வேரை அழுகவைக்கும். இப்போது 12 அங்குலத் தொட்டி. அதை நிரப்பியபின் டிரம்.

பையிலிருந்து செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளேடால் பையைக் கீறிப் பிரியுங்கள். அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை மட்டும் வெட்டுங்கள், விட்டால் பெரிய தொட்டியிலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மற்றபடி வேர்க்கட்டியை உதறவே கூடாது. தண்டு முன்பு எந்த அளவுக்கு மண்ணுக்கு மேல் இருந்ததோ அதே அளவு இருக்கட்டும். ஆடி, ஆவணியில் மாற்றினால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். கத்திரி வெயிலில் கை வைக்காதீர்கள்.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமா?

வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி ஊறியபிறகுதான் சொட்டத் தொடங்கும். வேருக்கு இருக்கும் இடமும் குறைந்து, மாடிக்குச் சுமையும் கூடும். துளையை அடைக்காமல் ஒரு கொட்டாங்கச்சித் துண்டோ வலைத்துண்டோ போதும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அதுதான் உண்மையில் வடிய வைக்கும்.

பொன்னாங்கண்ணியை நேற்று மாற்றினேன், இன்று தலை தொங்கிவிட்டது. பஞ்சகவ்யா கொடுக்கட்டுமா? – சேலம்

இப்போது எதுவும் கொடுக்காதீர்கள். நுனி வேர்கள் அறுந்திருக்கின்றன, அவைதான் தண்ணீரை உறிஞ்சும். மூன்று நான்கு நாள் நிழலில் வைத்து, மண் ஈரம் காயாமல் மட்டும் பாருங்கள். காலையில் நிமிர்ந்து மதியம் தொங்கினால் பிழைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காலையிலும் தொங்கினால் பாதித் தண்டைக் கத்தரித்து, கத்தரித்ததை அருகிலேயே ஊன்றிவிடுங்கள். பொன்னாங்கண்ணி கணுவிலிருந்து வேர்விடும், சந்தையில் வாங்கிய கட்டில் மிஞ்சிய தண்டுகூடப் பிடிக்கும். புதுத்துளிர் வந்தபிறகு லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளியுங்கள்.

புதுத் தொட்டிக்கு என்ன கலவை? – இரண்டு மூன்று பேர்

செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், மூன்றும் சம பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இரண்டு எச்சரிக்கை. நார்க்கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும், ஊறவைத்துப் பிழிந்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள், இரண்டு முறையாவது. பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம், மட்கும்போது சூடேறி வேரைக் கருக்கும்.

போர் தண்ணீர்தான் விடுகிறேன். மண் மேலே வெள்ளையாகப் படிகிறது, பாலக் இலை ஓரம் கருகுகிறது. தொட்டி மாற்றட்டுமா? – இராமநாதபுரம்

மாற்றவேண்டாம். அது உப்பு. மேல் மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு அடித்துளை வழியாக ஓடவிடுங்கள். மழை பெய்யும்போது தொட்டிகளை வெளியே வைத்தாலே பாதி உப்பு கரைந்து போய்விடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் உப்பைச் சேர்க்கிறது.

துபாயில் பால்கனித் தோட்டம். எப்போது மாற்றுவது?

அக்டோபர், நவம்பர். உங்கள் ஊர் கோடையில் தொடாதீர்கள்.

தவசிக்கீரை இரண்டடித் தொட்டியில் ஆளுயரம் வந்துவிட்டது. இன்னும் பெரிய தொட்டி வேண்டுமா? தினமும் பச்சையாக அரைத்துக் குடிக்கிறோம். – கோவை

தொட்டி போதும். இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டு, பக்கவாட்டில் இரண்டு அங்குல மண்ணைத் தோண்டி எடுத்து மண்புழு உரம் நிரப்புங்கள். வெட்டிய குச்சிகளை நட்டால் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கலாம்.

ஆனால் அந்தச் சாற்றை இன்றே நிறுத்துங்கள். 1990களில் தைவானில் உடல் இளைக்க இந்தக் கீரையைப் பச்சைச் சாறாகத் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது, அது மீளாத பாதிப்பு. மூச்சு வாங்குவது, விடாத இருமல் இருந்தால் மருத்துவரிடம் போய், இதைக் குடித்ததையும் சொல்லுங்கள். கீரையாக எப்போதாவது ஒரு பிடி, வேகவைத்துப் பொரியலாக மட்டும் வையுங்கள்.