வேர் மண்ணில் புதிய நூற்புழு: கேள்வி பதில்

பயிர் வேரைச் சுற்றியுள்ள மண்ணில் புதிய நூற்புழு (நூல் போன்ற மிகச் சிறிய புழு) சிற்றினங்களைக் கண்டறிவது, வகைப்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என் வேலை வகைப்பாடு. மருந்து, உரம் பற்றிய கேள்விகளுக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம்தான் சரியான இடம்.

கேள்வி (மாணவி, மதுரை): மேடம், வாழைத் தோட்ட மண்ணில் ஒரு புழு கிடைத்தது. எந்தப் புத்தகத்துப் படத்தோடும் பொருந்தவில்லை. புதியது என்று எப்படி முடிவு செய்வது?

முதலில், எத்தனை புழு கிடைத்தது என்று பாரம்மா. ஒரே ஒரு பெண் புழுவை வைத்துக்கொண்டு புதிய சிற்றினம் என்று யாரும் எழுதக் கூடாது. இதை எல்லா மாணவர்களிடமும் சொல்கிறேன், இன்றும் பல முறை சொல்வேன். ஒரு சிற்றினத்துக்குள்ளேயே நீளம், வால், குத்தி உறிஞ்ச உதவும் வாய் ஊசி எல்லாம் புழுவுக்குப் புழு மாறும். அந்த மாறுபாட்டின் எல்லை எது என்று தெரியாமல், அதைத் தாண்டியது எது என்று சொல்ல முடியாது. அதே மரத்தடிக்குத் திரும்பிப் போய் மண்ணையும் வேரையும் மறுபடி எடு. சல்லடை முறையில் கழுவி, பேர்மன் புனலில் (மாதிரியை நீரில் தொட்டபடி வைக்கும் புனல்) வைத்து எடுத்தால் உயிருள்ள புழுக்கள் இறங்கும்.

புழுவைக் கொல்ல 60, 65 டிகிரி வெந்நீர் போதும். கொதிக்கும் நீரை ஊற்றினால் உள்ளுறுப்பு குலைந்துவிடும். இப்படி மிதமான சூட்டில் கொன்றால் ஒவ்வொரு வகையும் தனக்கே உரிய வடிவத்தில் படுக்கும். சில நேராக, சில 'சி' போல வளைந்து, சில சுருளாக. அந்தப் படுக்கையே ஒரு அடையாளம். அப்புறம் அளவுகள். டச்சு விஞ்ஞானி டி மான் 19ஆம் நூற்றாண்டில் கொடுத்த விகிதங்களைத்தான் இன்றும் எழுதுகிறோம்: உடல் நீளத்தை அகலத்தால் வகுத்தது, உணவுக்குழல் நீளத்தால் வகுத்தது, வால் நீளத்தால் வகுத்தது, பெண் துளை உடலில் எத்தனை சதவீதத்தில் இருக்கிறது என்பது. இவற்றோடு உதட்டு வளையங்கள், வாய் ஊசியின் அடிக்குமிழ்கள், பக்கவாட்டுக் கோடுகள், விந்துப்பையின் வடிவம், ஆண் புழு இருக்கிறதா என்பது. இவ்வளவையும் அந்தப் பேரினத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட எல்லாச் சிற்றினங்களோடும் ஒப்பிட வேண்டும். பயிரைத் தாக்கும் நூற்புழுக்களில் மட்டும் 4,000க்கும் மேல் விவரிக்கப்பட்டிருக்கின்றன. "புத்தகத்தில் இல்லை" என்பதும் "உலகத்தில் இல்லை" என்பதும் ஒன்றல்ல.

இன்னொன்று. கிடைத்ததையெல்லாம் பார்மலினில் போட்டுவிடாதே. பார்மலின் பட்ட புழுவிலிருந்து டி.என்.ஏ எடுப்பது பெரும்பாடு. பாதியை டெஸ் (DESS) என்னும் உப்புக் கலந்த பதப்படுத்தும் கரைசலில் வை. அதில் வடிவமும் நிற்கும், டி.என்.ஏ-வும் நிற்கும்.

கேள்வி (விவசாயி, ஆயக்குடி): அம்மா, எங்கள் ஊர்க் கொய்யாவில் வேரெல்லாம் முடிச்சு, இலை பழுத்து மரம் காய்கிறது. "புதுப் புழு" என்கிறார்கள். உண்மையா?

உங்கள் ஊருக்குப் புதியது ஐயா, அறிவியலுக்குப் பழையது. ஆயக்குடிக் கொய்யாவில் பதிவானது மெலாய்டோகைனி என்டரோலோபி என்னும் வேர்முடிச்சு நூற்புழு. 1983ல் சீனாவின் ஹைனான் தீவில் ஒரு மரத்தின் வேரிலிருந்து இதை விவரித்தார்கள். 1988ல் போர்ட்டோ ரிக்கோவில் கத்தரி வேரில் கிடைத்ததை வேறொரு சிற்றினம் என்று நினைத்து, மெலாய்டோகைனி மயாகுயென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான் இரண்டும் ஒன்றே என்று தெளிவானது. நடுவில் எத்தனையோ நாடுகள், கொய்யாவை அழிப்பது ஒன்று, ஹைனான் புழு வேறு என்றே எண்ணியிருந்தன.

பெயர் சரியாகத் தெரிந்தால் உங்களுக்கு என்ன லாபம்? வேர்முடிச்சைத் தாங்கும் எம்.ஐ மரபணு உள்ள தக்காளி ரகத்தைக்கூட இந்தப் புழு தாக்கும். கொய்யா வரிசைகளுக்கு நடுவே "தாங்கும் ரகம்" என்று நம்பித் தக்காளி வைத்தால் புழு பெருகத்தான் செய்யும். இது ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் நாற்றங்கால் பையில். கன்று வாங்கும்போது ஒரு பையைப் பிரித்து வேரைப் பாருங்கள். முடிச்சு இருந்தால் அந்த லோடையே எடுக்காதீர்கள். வயலில் என்ன செய்வது என்பதற்கு வேளாண் அறிவியல் நிலையத்துக்கு, முடிச்சுள்ள வேரும் ஈர மண்ணும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: மைக்ராஸ்கோப்பில் எடுத்த போட்டோ அனுப்பியிருக்கிறேன், என்ன புழு?

ஒரு போட்டோவை வைத்துச் சிற்றினம் சொல்ல முடியாது. வாய் ஊசி தெரிகிறது, ஆகவே செடியையோ பூஞ்சையையோ உறிஞ்சும் வகையாக இருக்கலாம். அவ்வளவுதான்.

கேள்வி (ஆய்வு மாணவர், பயோடெக்னாலஜி): மேடம், டி.என்.ஏ வரிசை எடுத்து ஒப்பிட்டால் ஒரே நாளில் விடை. இன்னும் எதற்கு ஸ்லைடு, அளவுகோல்?

தம்பி, எந்த மரபணுவை எடுப்பீர்கள்? அடையாளம் காணப் பலரும் எடுக்கும் 18எஸ் மரபணுவை எடுத்தால் இன்காக்னிடா, ஜவானிகா, அரினேரியா மூன்றையும் பிரிக்க முடியாது. வயலில் பெரும் சேதம் செய்யும் மூன்று வேர்முடிச்சுப் புழுக்கள் அவை. அவை ஆண் துணை இல்லாமலே பெருகுபவை. அவற்றுக்குள் "இது முடிந்து அது தொடங்குகிறது" என்ற கோடு எளிதில் கிடைக்காது. தரவுத்தளத்தில் இருக்கும் வரிசைக்கு யாரோ ஒருவர் பெயர் ஒட்டியிருக்கிறார். அவர் புழுவைத் தப்பாக அடையாளம் கண்டிருந்தால், உங்கள் ஒரே நாள் விடையும் தப்புதான்.

அதே மாணவர்: ஆனால் ஸ்லைடு பார்த்தவர்கள்தானே ஒரே புழுவுக்கு இரண்டு பெயர் வைத்தார்கள்?

நியாயமான கேள்வி. குடையும் நூற்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானி கோப் 1893ல் ஃபிஜித் தீவு வாழையிலிருந்து விவரித்தது. 1984ல் ஃப்ளோரிடாவில் எலுமிச்சை வகைகளைத் தாக்கும் கூட்டத்தைத் தனிச் சிற்றினமாகப் பிரித்தார்கள். தாக்கும் பயிர், குரோமோசோம் எண்ணிக்கை, புரத வேறுபாடு இவைதான் ஆதாரம். 1997ல் இரண்டும் தமக்குள் இனம் கலக்கும் என்று காட்டி அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டார்கள். இதில் தடுமாறியது ஸ்லைடு மட்டுமல்ல, ஆய்வுக்கூடமும்தான். ஒற்றை ஆதாரத்தை நம்பாதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

கேள்வி (வேறொருவர், ஊட்டி): அப்படியானால் பிரிப்பதே வீண் வேலையா?

இல்லவே இல்லை. உங்கள் ஊர் உருளைக்கிழங்கே சாட்சி. நீலகிரியில் முட்டைக்கூடு நூற்புழு 1961ல் கண்டறியப்பட்டது. அப்போது உலகம் முழுவதும் அதை ஒரே சிற்றினமாகத்தான் எண்ணினார்கள். 1973ல் விஞ்ஞானி ஸ்டோன் குளோபோடெரா பல்லிடாவைத் தனியாகப் பிரித்தார். மற்றது குளோபோடெரா ராஸ்டோகியென்சிஸ். பூக்கும் பருவத்தில் செடியைப் பிடுங்கி வேரை உற்றுப் பாருங்கள். குண்டூசித் தலையளவு உருண்டைகள் ஒட்டியிருக்கும். அவை பெண் புழுக்கள். வெள்ளையிலிருந்து பொன் மஞ்சளாகிப் பிறகு பழுப்பானால் ராஸ்டோகியென்சிஸ். மஞ்சளாகாமல் வெள்ளை, பாலாடை நிறத்திலிருந்து நேராகப் பழுப்பானால் பல்லிடா. எச்1 என்னும் எதிர்ப்பு மரபணு உள்ள உருளைக்கிழங்கு ரகங்கள் முதலாவதைத் தடுக்கும், இரண்டாவதைத் தடுக்காது. பிரிக்காமல் விட்டிருந்தால், ரகம் தோற்றதற்குக் காரணமே தெரியாமல் போயிருக்கும்.

பயோடெக் தம்பிக்கு ஒரு வேலை. வேர்முடிச்சிலிருந்து பெண் புழுவை எடுத்து, 45 சதவீத லாக்டிக் அமிலத்தில் பின்முனையை வெட்டி, உள்ளிருப்பதைத் தூரிகை முடியால் தள்ளிவிட்டு, தோலைச் சதுரமாகச் செதுக்கிக் கிளிசரினில் வைத்துப் பாருங்கள். கைரேகை போல வரிகள் தெரியும். இன்காக்னிடாவில் மேல் வளைவு உயர்ந்திருக்கும், ஜவானிகாவில் இரு பக்கமும் கோடு ஓடும், ஹாப்லா என்னும் இன்னொரு வேர்முடிச்சுப் புழுவில் வால்பகுதியில் புள்ளிகள். அதே கூட்டத்திலிருந்து டி.என்.ஏ-வும் எடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் எழுதுங்கள்.

கேள்வி: புதியது கிடைத்தால் என் ஆசிரியர் பெயரை வைக்கலாமா?

தாராளமாக. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மட்டும் வழக்கமில்லை. பெயரைவிட முக்கியம், ஹோலோடைப் ஸ்லைடை (அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) எங்கே ஒப்படைக்கிறீர்கள் என்பது. பொதுச் சேகரிப்பில் வையுங்கள், உங்கள் மேசை டிராயரில் அல்ல. இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிந்தால்தான் பெயர் செல்லும்.

கேள்வி: மேடம், போட்டோ அனுப்பினால் இனம் சொல்வீர்களா?

மேலே பதில் இருக்கிறது. முடியாது.

கேள்வி: நூற்புழு என்றாலே பயிருக்குக் கேடுதானே?

இல்லை. மண்ணில் பாக்டீரியாவைத் தின்று, பயிருக்குத் தழைச்சத்தை விடுவிக்கும் வகைகள் ஏராளம். பூச்சியைக் கொல்லும் ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா நம் கோவையில் கிடைத்து 1992ல் விவரிக்கப்பட்டதுதான். இன்று பல நாடுகளில் உயிரிக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுகிறது. புதிய சிற்றினம் தேடுபவர்கள் தாக்கும் புழுவை மட்டும் பொறுக்கிவிட்டு மற்றதைக் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் அது.

கேள்வி: மண் மாதிரியை வெயிலில் காயவைத்து அனுப்பட்டுமா?

வேண்டவே வேண்டாம். உரப் பரிசோதனைக்குத்தான் காயவைப்பது. நூற்புழுவுக்கு ஈர மண், வேரோடு, பிளாஸ்டிக் பையில் கட்டி நிழலில். ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். பயிர், ஊர், தேதி மூன்றையும் பென்சிலில் எழுதிச் சீட்டை உள்ளே போடுங்கள். பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.