டாக்டர் அப்பாவை கிளினிக்கல் டிரையலில் சேரச் சொல்கிறார். சேர்ந்தால் சோதனை எலி ஆக்கிவிடுவார்களா?

கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு இதயக் கோளாறு. புது மருந்து ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு, பதினெட்டுப் பக்க ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார் டாக்டர். வீட்டில் பாதிப் பேர் ‘புது மருந்து தேடி வருது, விடாதீங்க’ என்கிறார்களாம். மீதிப் பேர் ‘சோதனை எலி ஆக்கிடுவாங்க’ என்கிறார்களாம்.

நான் ஒன்பது வருடம் ஒரு மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக விளக்குவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. உங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் ஒன்றை மறந்துவிட்டார்கள். புது மருந்து நல்லதா கெட்டதா என்று டாக்டருக்கே இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே வேண்டியதில்லை.

இது மனதில் ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்பதை ஒரு பெரியவரிடம் பார்த்தேன். முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டுக்கொண்டே, “சரிம்மா, எனக்கு எது ஒத்துக்குமோ அதை டாக்டர் பார்த்துக் குடுத்துடுவார்ல?” என்றார். நான் பேனாவைக் கொடுக்கவில்லை. அவருக்கு எந்த மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்யப் போவதில்லை. சிலருக்குப் புது மருந்து, சிலருக்குப் பழையது அல்லது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று கம்ப்யூட்டர் குலுக்கல் மாதிரி பிரித்துப் போடும். பல ஆய்வுகளில் எது கிடைத்தது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. டப்பாவில் ஓர் எண் மட்டும் இருக்கும். “வீட்டுக்குப் போய் மகளோட உட்கார்ந்து படிச்சுட்டு வாங்கய்யா” என்று அனுப்பினேன். மூன்று நாள் கழித்து மகளோடு வந்தவர், “எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த எண்ணைப் பிரிச்சுப் பார்ப்பீங்களா?” என்று கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் நிம்மதி. அவசரத்தில் உயிர் காக்கத் தேவைப்பட்டால் உடைத்துப் பார்க்க வழி உண்டு. அன்று கையெழுத்துப் போட்டார்.

ஏன் குலுக்கல்? டாக்டரே தேர்ந்தெடுத்தால், கொஞ்சம் தெம்பாக இருப்பவருக்குப் புது மருந்தும் நலிந்தவருக்குப் பழையதும் போய்ச் சேரலாம். அப்புறம் மருந்தால் பிழைத்தாரா, தெம்பால் பிழைத்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதயத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்குத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் திடீர் மரண ஆபத்து அதிகம். அந்தத் துடிப்பை அடக்கினால் உயிரைக் காப்பாற்றலாம் என்று நம்பி, என்கெய்னைட், ஃபிளெகெய்னைட் மாதிரி மருந்துகளை எழுதிக்கொடுத்து வந்தார்கள். துடிப்பு அடங்கியது உண்மை. ‘காஸ்ட்’ என்ற பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையோடு முறையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த இரண்டு மருந்துகளையும் எடுத்தவர்கள் 755 பேர், இறந்தவர்கள் 63. வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 743 பேர், இறந்தவர்கள் 26. 1989-லேயே அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்து ஆளைக் கொன்றுகொண்டிருந்தது என்பது ஒப்பிடாமல் தெரிந்திருக்காது. புதுசு என்பதாலேயே நல்லது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

பயப்படும் பக்கத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களிடம் உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் கையில் இருக்கும் பதினெட்டுப் பக்கமும், அதைப் படித்துப் பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் இப்படிப்பட்ட கொடுமைகளுக்குப் பிறகு வந்தவை. அதனால் படிவத்தை ஒரு சம்பிரதாயமாக நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

வெற்று மாத்திரை என்றதும் ‘வைத்தியமே இல்லாமல் விட்டுவிடுவார்களோ’ என்று பதறுவார்கள். நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் அந்த மருந்தோடுதான் ஒப்பிடுவார்கள். அல்லது இரு தரப்புக்கும் வழக்கமான மருந்தைக் கொடுத்து, அதற்கு மேல் ஒரு தரப்புக்குப் புதியதையும் மற்றதற்கு வெற்று மாத்திரையையும் சேர்ப்பார்கள். உங்கள் அப்பாவின் ஆய்வில் எது என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் இப்போது எடுக்கும் மாத்திரைகளில் எதையாவது நிறுத்த வேண்டுமா என்பதையும் கூடவே கேளுங்கள்.

புது மருந்தை மனிதர்களிடம் கட்டம் கட்டமாகத்தான் சோதிப்பார்கள். உங்கள் அப்பாவின் ஆய்வு எந்தக் கட்டம் என்பதும் முக்கியம். முதல் கட்டத்தில் சில பத்துப் பேர்தான் இருப்பார்கள். எவ்வளவு அளவு உடம்பு தாங்கும் என்று பார்ப்பதே நோக்கம், பலனை எதிர்பார்த்துப் போகக் கூடாது. மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருப்பார்கள். அதற்குள் பக்க விளைவுகள் பற்றி ஓரளவு தெரிந்திருக்கும்.

பிறகு, வீட்டில் யாரும் யோசிக்காத சிறு விஷயங்கள். எத்தனை முறை வர வேண்டும், எத்தனை குழாய் ரத்தம் எடுப்பார்கள், போக்குவரத்துச் செலவு யாருடையது, ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு, ஆய்வு முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா. நடுராத்திரி மூச்சு வாங்கினால் கூப்பிட வேண்டிய எண் படிவத்தில் இருக்கும். அதை அப்பாவின் போனில் இன்றே பதிந்துவிடுங்கள்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, வழக்கமான வைத்தியமும் நிற்காது. நான் பார்த்தவர்களில் பலர் ‘டாக்டர் வருத்தப்படுவாரே’ என்றே சேர்ந்தார்கள், அதே காரணத்துக்காக விலகாமலும் இருந்தார்கள். அப்பாவிடம் இதைத் தனியாக, டாக்டர் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். ஒன்று மட்டும்: விலகுவதென்றால் சொல்லிவிட்டு விலக வேண்டும். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போட்டவுடன் சேர்த்துவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். அதன் பிறகுதான் தகுதிப் பரிசோதனை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் தேர்வாகாத ஓர் அம்மா, தனக்கு ஏதோ பெரிய நோய் என்று நினைத்து வராண்டாவில் அழுதார். மருந்து உடம்பிலிருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால்தான் அந்த எச்சரிக்கை என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் அப்பாவிடம் அதை நீங்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.