இரண்டடித் தொட்டியில் ஒரு காடு: கேள்வி பதில்

செடித் தொட்டி, அதாவது கண்ணாடி மீன் தொட்டிக்குள் கல்லும் செடியும் வைத்துக் காட்சி அமைப்பது பற்றியும் அதைப் படம் எடுப்பது பற்றியும் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். இரண்டையும் தனித்தனி வேலையாக நினைத்துத்தான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. படம் நன்றாக வருமா வராதா என்பது முதல் கல்லை வைக்கும்போதே பாதி முடிவாகிவிடும். பதில்கள் எல்லாமே 60 × 30 × 36 செ.மீ. தொட்டியை, அதாவது நாம் இரண்டடித் தொட்டி என்று சொல்வதை, மனதில் வைத்து எழுதியவை.

தாம்பரத்திலிருந்து: முதல் தொட்டி, சார். சின்னதாகத் தொடங்கலாம் என்று ஒரு அடி க்யூப் பார்த்திருக்கிறேன். சரியா?

சின்னது சுலபம் என்பது மீன் கடை வாசலிலேயே விட்டுவிட வேண்டிய நம்பிக்கை. ஒரு அடி க்யூபில் 27 லிட்டர்தான் பிடிக்கும். வெயில் அடித்தால் சீக்கிரம் சூடாகும், ஒரு மீன் செத்தால் தண்ணீர் உடனே கெடும். இரண்டடித் தொட்டியில் 65 லிட்டர் வரை பிடிக்கும். கொஞ்சம் தவறினாலும் தாங்கும். மண், கல் எல்லாம் சேர்த்து 80 கிலோவைத் தாண்டிவிடும் என்பதால் டிவி ஸ்டாண்ட் மேல் வைக்காதீர்கள். அடியில் ஒரு ஃபோம் ஷீட், மேலே ரசமட்டம். தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் படத்தில் தண்ணீர்க் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

கோவையிலிருந்து: பத்து கிலோ கல் வாங்கினேன் அண்ணா. எப்படி வைத்தாலும் லாரியிலிருந்து கொட்டினது மாதிரியே இருக்கிறது.

எல்லாக் கல்லும் ஒரே அளவில் இருக்கும், அதுதான் காரணம். கல் மட்டும் வைத்துச் செய்யும் ஜப்பானிய முறைக்கு இவாகுமி என்று பெயர். அதில் ஓயாயிஷி என்ற தலைமைக் கல் ஒன்றுதான்; தொட்டி உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அது எழும்பி நிற்க வேண்டும். அடுத்த கல் அதைவிடத் தெளிவாகச் சிறியது, அடுத்தது இன்னும் சிறியது. மொத்தம் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் வைப்பார்கள். இரட்டைப்படையில் வைத்தால் கண் தானாக இரண்டு கட்சி பிரித்துவிடும்.

தலைமைக் கல்லை நடுவில் வைக்காதீர்கள். 60 செ.மீ. நீளத்தை ஒரு பக்கம் 37, மறுபக்கம் 23 எனப் பிரித்து அந்த இடத்தில் வையுங்கள். பொன் விகிதம் என்று சொல்வது இதைத்தான். ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம், மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் உள்ளே என்று வைத்தாலே போதும்.

அப்புறம் கல்லின் வரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு கல்லிலும் கோடு ஓடும். எல்லாக் கோடுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், பூமிக்குள் இருக்கும் ஒரே பாறையின் நுனிகள் வெளியே தெரிகிற மாதிரி இருக்கும். ஒரு கல் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் போச்சு, லாரி வந்துவிடும். கல்லின் கால்பங்கையாவது மண்ணுக்குள் புதைக்க மனசு வரவேண்டும். காசு கொடுத்து வாங்கியதைப் புதைக்க யாருக்கும் மனசு வராது என்பது வேறு விஷயம்.

வேலையைத் தொட்டிக்குள் தொடங்காதீர்கள். 60 × 30 அளவில் ஒரு அட்டைப் பெட்டியை வெட்டி, மணல் நிரப்பி, வெளியே அடுக்கிப் பாருங்கள். எதிரே ஒரு ஸ்டூலில் போனை நிறுத்தி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படம் எடுங்கள். கண் ஏமாறும், போன் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிச் சின்னதாக்கிப் பார்த்தால் எது துருத்துகிறது என்று ஒரு நொடியில் தெரியும்.

சேலத்திலிருந்து: நேரில் நன்றாகத்தான் இருக்கிறது. படத்தில் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி தட்டையாக வருகிறது. ஏன்?

நேரிலும் கொஞ்சம் தட்டைதான். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. நேர் எதிரே நின்று பார்க்கும்போது முன்னிருந்து பின்வரை உள்ள 30 செ.மீ. அகலம் உங்கள் கண்ணுக்கு 22, 23 செ.மீ. மாதிரிதான் தெரியும். கால்பங்கு ஆழத்தைத் தண்ணீரே விழுங்கிவிடுகிறது. நேரில் இரண்டு கண் இருப்பதால் சமாளிக்கிறோம், கேமராவுக்கு ஒரு கண்தான். அதனால் போன ஆழத்தை நாம்தான் திருப்பி உண்டாக்க வேண்டும்.

முதலில் மண். முன்னால் 3 செ.மீ., பின்னால் 12 செ.மீ. வரை சரிவாக ஏற்றுங்கள். சரியாமல் இருக்க, பின்பக்கத்தில் சின்னக் கற்களைச் சுவர் மாதிரி புதைத்து நிறுத்தலாம். அடுத்தது பாதை. முன்னால் ஒரு சாண் அகலம், பின்னால் போகப்போக இரண்டு விரல் அகலம், கடைசியில் ஒரு கல்லுக்குப் பின்னால் வளைந்து மறைய வேண்டும். எங்கே முடிகிறது என்று தெரியக் கூடாது. மூன்றாவது அளவு. பெரிய இலை, பெரிய கல் முன்னால். பொடி இலை, பொடிக் கல் பின்னால். உயரமாக வளரும் என்று பெரிய இலைச் செடியைப் பின்னால் வைக்கிறார்கள், அங்கேயே ஆழம் செத்துவிடும். பின்னால் ரோட்டாலா போன்ற பொடி இலைத் தண்டுச் செடியை வையுங்கள்.

பின்பக்கக் கண்ணாடியில் கடல் படம் ஒட்டியிருந்தால் தயவுசெய்து உரித்துவிடுங்கள். வெள்ளை டிரேசிங் பேப்பர் ஒட்டி, அதற்குப் பின்னால் ஒரு சின்ன எல்இடி விளக்கு வைத்தால் தூரத்து மூடுபனி மாதிரி ஒளி வரும்.

திருச்சியிலிருந்து: காவிரிக் கரையில் கிடக்கும் கல்லைப் போடலாமா?

கழுவி, காயவைத்து, மேலே நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். கருங்கல் நுரைக்காது. கடையில் விலை கொடுத்து வாங்கும் செரியூ கல்லே நுரைக்கும். டிராகன் ஸ்டோன் நுரைக்காது. உருண்டைக் கூழாங்கல்லில் வரி தெரியாது என்பதால் இவாகுமிக்கு அவ்வளவு எடுப்பாக வராது, ஓடைக் காட்சிக்கு அருமையாக இருக்கும்.

சென்னை, வேளச்சேரி: எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,100. செடி வருமா?

அப்படியே விட்டால் பாதிச் செடி அடம்பிடிக்கும். ஆர்ஓ தண்ணீரையும் போர் தண்ணீரையும் கலந்து 150 முதல் 250க்குள் கொண்டுவாருங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றினால் கால்சியம், மக்னீசியம் இல்லாமல் புது இலை சுருண்டுவிடும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரைத் தொட்டிக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது, வேண்டாம்.

மதுரையிலிருந்து: சிலிண்டர் வாங்க வசதி இல்லை அண்ணா. சிஓ2, அதாவது கரியமில வாயு விடாமல் முடியாதா?

தாராளமாக முடியும். செடியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சாமர்த்தியம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், புசெஃபலாண்ட்ரா, கிரிப்டோகோரைன் இவை போதும். முதல் நான்கையும் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள், இல்லாவிட்டால் சூப்பர் க்ளூ ஜெல்லால் ஒட்டுங்கள். அனுபியாஸின் தடித்த தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கிரிப்டோகோரைன் நட்டவுடன் இலையெல்லாம் உருகிக் கரையும். பிடுங்கிப் போடாதீர்கள், வேரிலிருந்து புதிதாக வரும். விளக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

மான்டி கார்லோ என்ற தரையில் படரும் செடி புல்வெளி மாதிரி அடர்த்தியாக வேண்டும், ரோட்டாலா சிவக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் சிலிண்டர் வாங்கத்தான் வேண்டும். வாங்கினால், தண்ணீரில் வாயு எவ்வளவு என்று நிறத்தில் காட்டும் டிராப் செக்கரும் வாங்குங்கள். உள்ளே இருக்கும் திரவம் நீலமாக இருந்தால் வாயு குறைவு, பச்சை என்றால் சுமார் 30 பிபிஎம், மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. அது நிறம் மாற இரண்டு மணி நேரம் வரை ஆகும் என்பதால் மஞ்சளைப் பார்ப்பதற்குள் மீன் மேலே வந்து வாயைத் திறக்கத் தொடங்கியிருக்கும். மீனையும் பாருங்கள். விளக்குக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வாயுவைத் திறந்து, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடலாம்.

வேலூரிலிருந்து: மே மாதம் தண்ணீர் 32 டிகிரி போகிறது.

தண்ணீரின் மேல்பரப்பில் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன். ஆவியாதலில் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள், போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஐஸ் கட்டி போடாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து: தொட்டி வைத்து இரண்டு வாரம். கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி. கலைத்துவிட்டுத் திரும்ப வைக்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். அது டையாட்டம். புதுத் தொட்டிக்கு வருவதுதான், வழித்து எடுத்தால் சில வாரங்களில் தானே போகும். அக்வா சாயில் (செடித் தொட்டிக்கென்றே விற்கும் சத்து மண்) போட்டிருந்தால் தொடக்கத்தில் அது அம்மோனியாவை வெளியே விடும். முதல் வாரம் தினமும், அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன்.

புதுச்சேரியிலிருந்து: என்ன மீன் விடலாம், சார்? டெனிசன் பார்ப் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மீன் என்று கேள்விப்பட்டேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை மீன்தான், அழகும் உண்டு. ஆனால் அரை அடி வரை வளரும், கூட்டமாக ஓடும், இரண்டடித் தொட்டியில் அது கைதி. காட்சிக்கும் கெடுதல்: பெரிய மீன் ஒன்று குறுக்கே போனால் உங்கள் மலை கூழாங்கல்லாகச் சுருங்கிவிடும். சில்லி ரஸ்போரா, எம்பர் டெட்ரா போன்ற இரண்டு செ.மீ. மீன்களில் ஒரே இனத்தில் பதினைந்து விடுங்கள். கூடவே சில அமானோ இறால். நூல் பாசியை மேய்ந்துவிடும்.

இறாலின் பெயர் வந்தது தகாஷி அமானோவால். 1954இல் ஜப்பானின் நீகாதாவில் பிறந்து 2015இல் மறைந்தவர்; இன்று நாம் செய்யும் இயற்கைத் தொட்டி முறையே அவர் வழியாகப் பரவியதுதான். பெரிய ஃபிலிம் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு அமேசான், போர்னியோ காடுகளைப் படம் எடுத்தவர். அவர் தொட்டிகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேமுக்குள் யோசித்த மாதிரி இருக்கும். அவர் நடத்திவைத்த உலகப் போட்டி 2001இல் தொடங்கியது. அதற்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, படத்தைத்தான் அனுப்ப வேண்டும்.

ஈரோட்டிலிருந்து: போனில்தான் எடுக்கிறேன். ஒன்று என் சட்டை தெரிகிறது, இல்லாவிட்டால் குறுக்கே கறுப்புப் பட்டை ஓடுகிறது.

சட்டைக்கு மருந்து இருட்டு. இரவு எட்டு மணிக்கு மேல் எடுங்கள். அறை விளக்கு, டிவி, ஃபில்டரில் மினுக்கும் பச்சைப் புள்ளி வரை எல்லாம் அணையட்டும். கறுப்புச் சட்டை போடுங்கள், உங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி கட்டினால் இன்னும் நல்லது. போன் ஃபிளாஷ் கூடவே கூடாது.

பட்டை வருவது எல்இடி நொடிக்குப் பலமுறை அணைந்து எரிவதால். ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கில் டிம்மர் இருந்தால் முழு வெளிச்சத்துக்கு ஏற்றுங்கள், பெரும்பாலும் பட்டை காணாமல் போகும்.

அப்புறம், பக்கத்தில் போகாதீர்கள். போனின் அகலமான லென்ஸ் தொட்டியின் ஓரங்களை வளைக்கும். நான்கைந்து அடி பின்னால் போய், 2 எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதில், தொட்டியின் நடு உயரத்துக்கு நேராக நின்று எடுங்கள். சாய்ந்து எடுத்தால் கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து ஓரங்களில் நிறத்தைப் பிரித்து மங்கலாக்கிவிடும். வெளிச்சத்தைச் செடியின் பிரகாசமான நுனியில் தொட்டுப் பூட்டுங்கள். இருட்டு மூலையில் தொட்டால் மேலே இருக்கும் செடியெல்லாம் வெளுத்துப் போகும்.

நாகர்கோவிலிலிருந்து: மிரர்லெஸ் கேமரா வைத்திருக்கிறேன். செட்டிங் சொல்லுங்கள் அண்ணா.

டிரைபாட், 50 மி.மீ. சுற்றுவட்டாரம், எஃப் 8. முன்புல்லும் பின்செடியும் ஒன்றாகத் தெளிவாக இருக்க அதற்குக் கீழே வேண்டாம். மீன் அசையாமல் வர 1/125 அல்லது அதற்கு மேல். இந்த இரண்டும் சேர்ந்தால் வெளிச்சம் போதாது. ஐஎஸ்ஓவை ஏற்றுவதைவிட, ஒரு ஃபிளாஷைத் தொட்டிக்கு மேலே கீழ்நோக்கி வைத்து ரிமோட்டில் இயக்குவது நல்லது. நடுவில் ஒரு வெள்ளைத் துணி வைத்தால் ஒளி மென்மையாகும். ஃபிளாஷ் மேல் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரா ஃபைலில் எடுங்கள், வெள்ளைச் சமநிலையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

சேலத்திலிருந்து மறுபடியும்: போட்டிப் படங்களில் தண்ணீர் மேலே அலை அலையாக, ஆற்றங்கரையில் நின்று பார்ப்பது போல இருக்கிறதே, அது எப்படி?

ஹேர் டிரையர். ஒருவர் பக்கவாட்டில் நின்று மேல்பரப்பில் காற்றடிக்க, இன்னொருவர் கிளிக் செய்வார். வீட்டில் உதவிக்கு ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள், தண்ணீரில் விழுந்தால் உயிருக்கு ஆபத்து.

படம் எடுக்கும் நாளுக்கு முன்வேலைதான் அதிகம். தண்டுச் செடிகளை இரண்டு, மூன்று வாரம் முன்னால் வெட்டிவிட்டால் அன்றைக்குக் குவிந்து, வெட்டுத் தழும்பு தெரியாமல் நிற்கும். முந்தைய நாள் தண்ணீரை மாற்றுங்கள். அன்றே மாற்றினால் கண்ணாடி முழுக்கக் குமிழி ஒட்டும். கண்ணாடியை உள்ளே பழைய ஏடிஎம் கார்டால் வழித்து, வெளியே துடைத்து, குழாய், வாயு விடும் டிஃப்யூசர், தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஃபில்டரை நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டால் மிதக்கும் தூசு அடங்கும், இலை ஆடாது. மீன் மட்டும் மூலையில் ஒளிந்துகொள்ளும். பொறுமைதான், ஒரு பக்கம் ஒருவர் மெதுவாகக் கை அசைத்தால் கூட்டம் சேர்ந்து மறுபக்கம் போகும், அந்தத் திருப்பத்தில் பத்து, இருபது என்று வரிசையாகச் சுட்டுத் தள்ளுங்கள். முடிந்ததும் ஃபில்டரைப் போட மறக்காதீர்கள்.

கடலூரிலிருந்து: படத்தை எடிட் செய்வது ஏமாற்றா?

நிறத்தைக் கண் பார்த்த அளவுக்குத் திருத்துவது, தூசுப் புள்ளியை எடுப்பது, ஓரத்தை நேராக்குவது, இவை வேலையில் சேர்ந்தவை. இல்லாத மீனை ஒட்டுவது ஏமாற்று. பச்சையைப் பிழிந்து ஏற்றாதீர்கள், பிளாஸ்டிக் புல் மாதிரி ஆகிவிடும்.

தாம்பரத்திலிருந்து: ஒரு தொட்டியை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? கலைத்தால் எல்லாம் வீணா?

பராமரித்தால் வருடக்கணக்கில் ஓடும். கலைக்கும்போது ஃபில்டர் மீடியாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் தொட்டித் தண்ணீரிலேயே அலசி ஈரமாக வையுங்கள், பாக்டீரியா பிழைத்திருக்கும். கட்டையோடு பிடித்த அனுபியாஸை அப்படியே தூக்கலாம். புல்லைப் பாய் மாதிரி உரித்துத் துண்டு போட்டால் அடுத்த தொட்டிக்கு நாற்று தயார்.