பனிக்குள் அடைபட்ட பழைய காற்று: கேள்வி பதில்

துருவப் பனியைத் துளைத்துப் பழைய தட்பவெப்பத்தை அறியும் ஆராய்ச்சியைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இந்த அக்னி நட்சத்திர வெயிலிலும் வேலூர் வட்டாரத்திலிருந்து இத்தனை பேர் கேட்டதில் மனம் நிறைந்துவிட்டது.

சார், எங்கள் நிலத்தில் ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வரவில்லை. பனியில் மூன்று கிலோமீட்டர் எப்படி இறங்கினார்கள்? (குடியாத்தம்)

போர் வண்டி பாறையைப் பொடியாக்கி வெளியே தள்ளும். இங்கே பொடி உதவாது, தண்டு முழுசாக வேண்டும். குழல் போன்ற துளைப்பான் வட்டமாக வெட்டிக்கொண்டே இறங்க, உள்ளே வாழைத்தண்டு மாதிரி ஒரு பனி உருளை நிற்கும். சில மீட்டர் வெட்டியதும் மேலே தூக்கி உருளையை எடுத்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும். ஆழம் போகப்போகச் சுற்றியுள்ள பனி நெருக்கித் துளையை மூடப் பார்க்கும். அதனால் மண்ணெண்ணெய் வகைத் திரவத்தை ஊற்றி வைப்பார்கள். கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் 1966இல் 1,387 மீட்டர் இறங்கி அடிநிலத்தைத் தொட்டார்கள். ஒரு பெரிய பனிப்படலத்தை அடிவரை துளைத்தது அதுவே முதல் முறை.

பனியை வைத்து அன்றைய வெப்பத்தை எப்படிச் சொல்ல முடிகிறது? (காட்பாடி, கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி அம்மா. 1952 ஜூனில் கோபன்ஹேகனில் நல்ல மழை. வில்லி டான்ஸ்கார்ட் என்ற விஞ்ஞானி தன் வீட்டுப் புல்வெளியில் ஒரு காலி பீர் பாட்டிலில் புனலைச் செருகி மழைநீரைப் பிடித்தார். நீரில் சாதாரண ஆக்சிஜனோடு, எடை கூடிய ஆக்சிஜன்-18 கொஞ்சம் இருக்கும். எடை கூடிய நீர் மேகத்திலிருந்து முந்திக்கொண்டு இறங்கிவிடும். மேகம் குளிரக் குளிர, மிஞ்சுவதில் அது குறைந்துகொண்டே போகும். ஆக, எடை கூடிய ஆக்சிஜன் குறைவாக இருந்தால் அந்தப் பனி கடுங்குளிரில் விழுந்தது என்று அர்த்தம். அப்படியானால் துருவப் பனியில் பழைய குளிரும் வெப்பமும் பதிந்திருக்குமே என்று 1954இல் எழுதினார். கேம்ப் செஞ்சுரித் தண்டு கைக்கு வந்ததும் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டு வரலாற்றை அதில் படித்துக் காட்டினார். ஒரு பாட்டில் மழைநீரில் தொடங்கியது இது! எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

பனிக்குள் அடைபட்ட குமிழியில் இருப்பது நிஜமாகவே அந்தக் காலத்துக் காற்றா? (ஆரணி)

ஆமாம், அதே காற்று. 1965இல் அண்டார்டிகாவில் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் லோரியஸ், ஆழத்துப் பனித்துண்டை விஸ்கியில் போட்டபோது குமிழிகள் வெடித்து வெளியேறுவதைக் கவனித்தார். அதைப் பிடித்து அளந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதே அண்டார்டிகாவில் ரஷ்யர்களின் வாஸ்டாக் நிலையத்துத் தண்டிலிருந்து 1987இல் 1,60,000 ஆண்டுக் கணக்கு வெளியானது. வெப்பநிலையும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கியிருந்தன. பனியுகத்தில் பத்து லட்சத்தில் 180 பங்கு, இதமான காலத்தில் 280 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டோம்.

ஒன்றைக் கவனியுங்கள். மேல்பனி இறுகிக் குமிழி மூட நெடுங்காலம் ஆகும். அதனால் காற்றின் வயது, அதைச் சுற்றியுள்ள பனியின் வயதைவிடக் குறைவு. இந்த வித்தியாசத்தைக் கழித்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் பேசுவார்கள். பஞ்சம் பனியில் தெரியுமா? (வாலாஜாபேட்டை)

மழை பொய்த்தது தெரியும். அமெரிக்க விஞ்ஞானி லானி தாம்சன் குழுவினர் 1997இல் இமயமலையில், 7,000 மீட்டருக்கும் மேலே, தசுவோபு பனியாற்றைத் துளைத்தார்கள். பருவமழை குன்றிய ஆண்டுகளில் தூசியும் குளோரைடும் கூடியிருந்தன. கடந்த ஆயிரம் ஆண்டில் மிகக் கொடியதாக அவர்கள் கண்டது 1790 முதல் 1796 வரையிலான வறட்சி. ஆனால் அந்தக் கணக்கை அப்படியே பாலாற்றுக்குப் பொருத்தக் கூடாது. நமக்கு வடகிழக்குப் பருவமழையும் பெரும் பங்கு. அப்புறம், 1876-78இல் நம் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் நாட்டிலிருந்து தானியம் கப்பல் ஏறியது. அது எந்தப் பனியிலும் பதியாது.

எவ்வளவு பழைய பனி வரை கிடைத்திருக்கிறது? (ஆம்பூர்)

அண்டார்டிகாவின் டோம் சி தண்டு 8 லட்சம் ஆண்டு. 2025 ஜனவரியில், அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத லிட்டில் டோம் சியில் 2,800 மீட்டர் இறங்கி, 12 லட்சம் ஆண்டுக்குக் குறையாத பனியை எடுத்திருக்கிறார்கள். முன்பு 41,000 ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோன பனியுகம், ஒரு கட்டத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை என்று மாறியது. ஏன் மாறியது என்பதற்கான விடையை இந்தத் தண்டின் குமிழிகளில்தான் தேடுகிறார்கள்.