செர்பியாவில் வாழும் ஸ்லோவாக்கியர்கள் 250 ஆண்டுகளுக்குப் பிறகும் எப்படித் தாய்மொழி பேசுகிறார்கள்?

ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் கோவாச்சிட்சாக்காரர். செர்பியாவின் வடக்கே, வொய்வொதினா மாகாணத்து ஊர் அது. "செர்பியாவிலிருந்து வந்து எங்கள் மொழியை இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, எங்கே படித்தீர்கள்?" என்று ஸ்லோவாக்கியர்களே அவரிடம் கேட்பார்கள். அவர் முகம் வாடிவிடும். "வீட்டில்தான்" என்பார்.

துருக்கியர் பின்வாங்கியபின் தெற்கே இன்றைய வொய்வொதினாச் சமவெளியில் உழுது பயிரிட ஆள் தேவைப்பட்டது, வடக்கே ஸ்லோவாக்கியர்கள் வாழ்ந்த மலைப்பகுதியில் நிலம் போதவில்லை. எல்லாம் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ஒரே ஆட்சிதான், அதனால் வெளிநாடு போகிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்காது. 1745இல் பெட்ரோவெட்ஸ், 1802இல் கோவாச்சிட்சா என்று ஊர் ஊராகக் குடியேறினார்கள்.

மொழி நிலைத்ததற்கு முதல் காரணம் லூத்தரன் தேவாலயம் என்றுதான் சொல்வேன். ஸ்லோவாக்கியர்கள் பெரும்பாலும் லூத்தரன் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவுக் கிறிஸ்தவர்கள், சுற்றியிருந்த செர்பியர்கள் ஆர்த்தடாக்ஸ் பிரிவு, அதனால் திருமண உறவுகள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே இருந்தன. அப்புறம் பள்ளி. பெட்ரோவெட்ஸில் 1919இலேயே ஸ்லோவாக் உயர்நிலைப் பள்ளி வந்துவிட்டது. இன்று மாகாணத்தின் ஆறு அலுவல் மொழிகளில் ஸ்லோவாக்கும் ஒன்று. ஹங்கேரியில் நடந்ததே வேறு. பேகேஷ்சாபா ஒரு காலத்தில் பெரிய ஸ்லோவாக் ஊர், ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த மக்கள் பரிமாற்றத்தில் ஹங்கேரியிலிருந்து சுமார் 73,000 ஸ்லோவாக்கியர்கள், ஸ்லோவாக்கியா அன்று சேர்ந்திருந்த செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய்விட்டார்கள், தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்கு மொழி தெரியாது.

கோவாச்சிட்சா ஓவியங்களைக் கட்டாயம் பாருங்கள். கலைக்கல்லூரி வாசலை மிதிக்காத விவசாயிகள் வரைந்தவை. மார்ட்டின் யோனாஷ் வரைந்த உழவர்களுக்குக் கையும் காலும் பூதாகரமாக இருக்கும், தலை மட்டும் சின்னது. வயலில் எது உழைக்கிறதோ அதைப் பெரிதாக்கிவிட்டார். 2024இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் எண்ணிக்கை குறைகிறது. செர்பியாவில் 2002இல் 59,021 ஸ்லோவாக்கியர்கள், 2022இல் 41,730. பிறப்பு குறைந்தது ஒரு காரணம், இளைஞர்கள் ஸ்லோவாக்கியாவுக்கே படிக்கப் போய் அங்கேயே தங்கிவிடுவது இன்னொன்று. அவர்களுக்கு அது சுலபம், மொழி ஏற்கெனவே தெரியுமே. இத்தனை தலைமுறை மொழியைக் காத்த அதே பள்ளிதான் ஊரைக் காலி செய்யவும் வழி திறந்துவிட்டது, எனக்கு இதை நினைத்தால் மனசு கனக்கிறது. என் தோழியின் அம்மா இப்போது கோவாச்சிட்சா வீட்டில் தனியாக இருக்கிறார். தினமும் மாலை போனில் பேசிக்கொள்கிறார்கள், ஸ்லோவாக்கில்தான்.