மூன்று மாதமாக வராத முதியோர் உதவித்தொகை: முதலில் பார்க்க வேண்டியவை

வணக்கம். தங்கள் தாயாருக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த 1,200 ரூபாய் மூன்று மாதமாக வரவில்லை என்றும், வங்கியில் கேட்டால் தாலுகா அலுவலகத்துக்குப் போகச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தத் தொகையை நம்பியே மாத்திரை வாங்குபவர் அவர் என்பதைப் படித்தபோது மனம் கனத்தது.

முதலில் பாஸ்புக்கைப் பதிவு செய்து, கடைசியாகத் தொகை வரவான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அண்மையில் வேறு வங்கியில் அவர் பெயரில் கணக்கு ஏதும் தொடங்கப்பட்டதா என்றும் கேளுங்கள். ஏனெனில் ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம், கடைசியாக எந்தக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டதோ அதற்கே செல்லும். என் பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆயிற்று: சுய உதவிக் குழுக் கடனுக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கில் ஐந்து மாதத் தொகையும் அப்படியே இருந்தது. எந்த வங்கி இணைந்துள்ளது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

அங்கும் பணம் இல்லையெனில், கள ஆய்வின்போது அவர் வீட்டில் இல்லாததால் பெயர் நிறுத்தப்பட்டிருக்கக்கூடும். கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்துவிட்டு, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் உதவித்தொகை வழங்கிய ஆணையின் நகல், ஆதார், பாஸ்புக் நகல்களுடன் எழுத்துமூலம் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். இயன்றால் தாயாரையும் அழைத்துச் செல்லுங்கள். பதில் வராவிட்டால் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலோ, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ அந்தச் சீட்டைக் குறிப்பிட்டு முறையிடலாம். நிலுவைத் தொகையையும் சேர்த்து வழங்குமாறு மனுவில் தனியாகக் குறிப்பிடுங்கள்.