கால் தெரிகிறதா, வால் தெரிகிறதா?

வலசைக்காலம் வந்துவிட்டால், என்ன பறவை என்று கேட்டு எனக்கு வரும் படங்களில் பாதி, பூச்சி பிடித்துத் தின்னும் சிறு பறவைகளான ஈப்பிடிப்பான்கள்தான். அதிலும் பாதி, கிளைக்கு நடுவே ஒரு பழுப்புப் புள்ளி. இந்த முறை வந்தவற்றில் சில.

கே: வால்பாறை காபித் தோட்டத்தில் எடுத்தேன். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பழுப்பு ஈப்பிடிப்பானா, பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானா?

ப: நிறத்தை மறந்துவிடுங்கள். நிழலில் எடுத்த படத்துக்கு வெளிச்சம் கூட்டினால் சாம்பல் பழுப்பும் செம்பழுப்பாகிவிடும். கண்வளையம் இரண்டுக்குமே உண்டு. காலைப் பாருங்கள். பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கருங்கால், மற்றதற்கு வெளிர்மஞ்சள். நீங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினால், குச்சியைப் பற்றியிருக்கும் விரல்கள் குச்சியைவிட வெளுப்பாக இருக்கின்றன. கீழலகும் நுனிவரை மஞ்சள். பழுப்பு ஈப்பிடிப்பானென்றால் நுனி கறுத்திருக்கும். ஆகவே உங்களுடையது பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான்.

இதன் அறிவியல் பெயர் மஸ்சிகாபா முத்துயி. 1854இல் இதை முதலில் விவரித்த பறவையியலாளர் லேயார்டுக்கு இலங்கையில் இந்தப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்தவர் முத்து என்ற தமிழ்ப் பணியாளர். துரைமார் பெயர்களே நிறைந்த பறவைப் பட்டியலில் ஒரு முத்து! இந்தப் பறவைமேல் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு.

கே: ஊட்டியில் எடுத்தது. தொண்டை சிவப்பு. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார்.

ப: நண்பர் சொல்வது நடக்கக்கூடியதுதான். காஷ்மீர்ப் பக்கம் கூடு கட்டும் அந்தப் பறவை குளிர்காலத்தை நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் கழிக்கிறது. ஆனால் அதன் ஆணுக்குச் சிவப்பு தொண்டையோடு நிற்காது, மார்பிலும் இறங்கும். அந்தச் சிவப்புக்கு இருபுறமும் மை தீட்டியதுபோல் கறுப்புக் கரை இருக்கும். உங்கள் படத்தில் கரை இல்லை, கழுத்தோரம் வெறும் சாம்பல். செம்மார்பு ஈப்பிடிப்பான் என்றே குறித்துக்கொள்ளுங்கள். பெண் பறவையாக இருந்திருந்தால் இந்தத் தொலைவில் நானும் கையை விரித்திருப்பேன்.

கே: கொடைக்கானல் சோலையோரம். பறவை முழுக்கக் கறுப்பாகத் தெரிகிறது. கரிச்சானா?

ப: கரிச்சானுக்கு வால் இவ்வளவு குட்டையாக இராது. பறவைகளின் நீலம் பெரும்பாலும் சாயமல்ல. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறித் தோன்றுவது. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் நீலம் செத்துக் கறுப்பாகிவிடும். வாலின் அடியில் இருபக்கமும் வெள்ளைத் திட்டு தெரிகிறதே, அதனால் நீலகிரி ஈப்பிடிப்பான். மேற்குத்தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் கிடையாது. வலசை வரும் பசுநீல ஈப்பிடிப்பானுக்கு அந்தத் திட்டு இல்லை.

கே: அழகர்கோயில் அடிவாரம். முதுகு நீலம், தொண்டை ஆரஞ்சு.

ப: மோவாய்வரை ஆரஞ்சு, வயிறு வெள்ளை. டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். சந்தேகமே வேண்டாம்.

கே: வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன், பெயர் மட்டும் சொன்னால் போதும்.

ப: வாட்ஸப் படத்தைச் சுருக்கியதில் வந்து சேர்ந்தது பறவை அல்ல, நாலு பழுப்புக் கட்டம். 'ஈப்பிடிப்பான், இனம் தெரியவில்லை' என்று பதிவதில் ஒரு குறைச்சலும் இல்லை. கேமராவில் இருக்கும் மூலக்கோப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பறவை முதுகு காட்டித் திரும்பிய படமும் பறக்கக் கிளம்பிய படமும் மங்கலாக விழுந்திருந்தாலும் அழிக்காதீர்கள். வால் விரிவது அப்போதுதான்.